கொக்கி வைத்த கூடாரம்

கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் அதைக் கடையில் வாங்குவார்கள், இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் கேட்பார்கள். என் அம்மாவும் அவருடைய இரண்டு தோழிகளும் அதைத் தைத்தார்கள். திரைச்சீலைக்கு உள்பக்கம் கொடுக்கிற கெட்டித் துணியில், ஓரத்துக்கெல்லாம் பைப்பிங் வைத்து, வாசலுக்கு ரவிக்கைக்கு வைப்பதுபோல மேலிருந்து கீழ்வரை கொக்கி வைத்துத் தைத்தார்கள். ஜிப் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். ஜிப் என்றால் என்றைக்கிருந்தாலும் பல் போகும், கொக்கிதான் கடைசி வரைக்கும் மானத்தைக் காப்பாற்றும் என்று தோழிகளில் ஒருவரான சரசு அக்கா சொன்னார். அவருடைய தொழில் அனுபவம் அப்படி.

மூவரும் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார்கள். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தீபாவளி நெருங்க நெருங்க அந்தக் கடையில் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூவரில் மூத்தவரான பிலோ ஆன்டி கத்தோலிக்கர். அவருக்குத் தீபாவளி இல்லையே தவிர, முதுகுவலியில் அவருக்கும் சமபங்கு உண்டு. பண்டிகை முடிந்து கடைக்கு லீவு விட்டதும் பேச்சை ஆரம்பித்தவர் அவர்தான்.

"ஊர்ல உள்ளவங்க முதுகுக்கெல்லாம் அளவெடுத்துத் தைச்சாச்சு. நம்ம முதுக யாரு பாக்குறா? கடலுக்குப் போவோம் லா. ஒரு ராத்திரி கால நீட்டிப் படுத்துட்டு வருவோம்."

அம்மா உடனே சரி என்றார். அவர் சரி என்றதற்குக் காரணம் கடல் இல்லை. கடை முதலாளியம்மா தெலுக் பங்லிமா காராங்கில் திரைச்சீலை தைக்கும் பட்டறை ஒன்று திறக்கவிருந்தார். அதை முழுப்பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கேட்டிருந்தார். கிள்ளானைத் தாண்டி, பந்திங் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். ரயில் கிடையாது. நாங்கள் இருந்த சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால், போய்ச் சேரும்போது வேலை முடிகிற நேரம் ஆகியிருக்கும். கார் ஓட்டித்தான் போக வேண்டும். வீட்டில் கார் இருந்தது, அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. சாவி அப்பாவிடம் இருந்தது.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். வேலைக்கு மோட்டர் சைக்கிளில்தான் போய் வருவார். கார் பெரும்பாலும் பிளாட்டுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும். லைசென்ஸ் சோதனையில் மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னபோது அம்மாவின் கார் பின்னால் உருண்டதும், அதனால் அவர் திரும்பத் திரும்பச் சோதனைக்குப் போனதும் அப்பாவுக்கு மறக்காது. மறந்தாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நினைவு வந்துவிடும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாலையில் நடக்கக்கூடிய எல்லா விபத்தையும் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டவர், அடுத்தது நம் வீட்டுக்குத்தான் என்று நம்புகிறவர்.

 பட்டறை விஷயத்தைக் கேட்டுச் சில நாள் கழித்து அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மோரிப் கடற்கரை வரை அம்மாவே ஓட்டிப் போக வேண்டும், தங்க வேண்டும், அம்மாவே ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.

"நடுவுல ஒரு தடவ எனக்கு போன் அடிச்சாலும் ஆட்டம் முடிஞ்சிது. அடிக்காம வந்து சேந்துட்டியா, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

"கேக்கக் கூடாது," என்றார் அம்மா.

சனிக்கிழமை காலையில் அப்பா ஓவர்டைம் இருப்பதாகச் சொல்லி முன்னதாகவே மோட்டரில் கிளம்பிவிட்டார். கிளம்பும்முன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, பழைய போன் ஒன்றைக் கையில் திணித்து, ஏதாவது ஒன்று என்றால் அடி என்று ரகசியமாகச் சொன்னார். நான் மேலே வருவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. போனை வாங்கி அணைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, முறுக்கை அதன்மேல் கொட்டி மூடினார். எனக்குப் பத்து வயது. அன்று முதல் அந்தப் போட்டி அம்மாவுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு எனக்கும் முக்கியமாகிவிட்டது.

செந்தூலிலிருந்து சரசு அக்கா எலுமிச்சம்பழங்களோடு வந்து நான்கு டயருக்கும் அடியில் வைத்தார். முன் சீட்டில் பிலோ ஆன்டி ஜெபமாலையை எடுத்தார். பின் சீட்டில் என் பக்கத்தில் சரசு அக்கா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு பக்கத்துக் காவலும் சேர்ந்து வந்தும், கிள்ளான் ஊருக்குள் நுழைகிற சிக்னலில் கார் நின்றுபோனது. பின்னால் ஒரு பெரிய லோரி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. வேண்டுதல் சத்தமும் அதற்கு ஈடாகக் கூடியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. எனக்கு எஞ்சின் சத்தம் கேக்கணும்," என்றார் அம்மா.  சாவியைத் திருப்பினார், கிளட்சை விட்டார், கார் ஒரு குதி குதித்து நகர்ந்தது. சாமிகள் அதற்குப் பிறகு மனதுக்குள் மட்டும் கூப்பிடப்பட்டார்கள்.

தெலுக் பங்லிமா காராங்கில் அம்மா காரை ஓரங்கட்டினார். ஒரு கடைவரிசையின் கோடியில் சாத்தியிருந்த இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றார். பக்கவாட்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் சிமெண்டுத் தரை. திரும்பி வந்தவர், "ஜன்னல் பெருசு. வெளிச்சம் நல்லா வரும்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அதன்பிறகு மோரிப் வரை எஞ்சின் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை.

நாங்கள் போனபோது கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. கரையில் சேறும் நண்டுப் பொந்துகளும்தான் இருந்தன. சவுக்கு மரங்களுக்கு அடியில் ஏற்கனவே பல குடும்பங்கள் கடையில் வாங்கிய கூடாரங்களை விரித்திருந்தன. உதறினால் தானே நிமிர்ந்து நிற்கிற வகை. எங்களுடையது உதறினால் மேசைவிரிப்பு மாதிரி விழுந்தது. திரைச்சீலை மாட்டுகிற கம்பிகளை உள்ளே செருகி, மூலைகளை ராஃபியா கயிற்றால் மரத்தோடு இழுத்துக் கட்டி ஒருவழியாக நிறுத்தினார்கள். பக்கத்துக் கூடாரத்து மலாய்க்கார அம்மா ஒருவர் வந்து, கொக்கிகளைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, தன் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். சரசு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான் காரியம் கெட்டது.

புதிதாக ஒன்று செய்தால் சாமிக்குக் காட்டாமல் அதற்குள் கால் வைக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார். கூடாரத்து நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாயிற்று. வாசலுக்கு முன்னால் தட்டில் சூடம் ஏற்றினார். கடற்கரையில் காற்று அடிக்கும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சூடம் வீட்டில் எரிவதுபோல நேராக எரியவில்லை. சுடர் படுத்து, கூடாரத்தின் ஓரத்தை நக்கியது. அந்தத் துணி எரியவில்லை, பிளாஸ்டிக் மாதிரி சுருங்கி உருகிக்கொண்டே மேலே ஏறியது. பிலோ ஆன்டி கைக்கு எட்டிய ரோஸ் சிராப்பை ஜாடியோடு கவிழ்த்து அணைத்தார். கரும்புகை நின்றபோது பக்கச்சுவரில் ஒரு பெரிய தோசை அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ஈரம்.

அக்கா அழ ஆரம்பித்தார். அபசகுனம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். பிலோ ஆன்டியும் வானத்தைப் பார்த்து, மழை வேறு வரும்போலிருக்கிறது என்று இழுத்தார். நான் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன்.

அம்மா ஊசிப்பெட்டியைத் திறந்தார். "கூடாரத்துல ஓட்ட விழுந்தா திரும்பி வரணும்னு அவரு சொல்லல. சரசு, உன் துப்பட்டாவ குடு."

ஜரிகை போட்ட தீபாவளித் துப்பட்டா அது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொடுத்தார். கருகிய ஓரத்தை வெட்டி, துப்பட்டாவை நான்காக மடித்து வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைத்தார்கள். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தும், கடையில் உட்கார்ந்திருப்பதைப்போலவே மூவர் முதுகும் வளைந்தது. காலை நீட்டிப் படுக்க வந்தவர்கள் பாதி மத்தியானத்தை இப்படித்தான் கழித்தார்கள். ஒட்டு முடிந்தபோது அதுதான் கூடாரத்திலேயே அழகான இடமாக இருந்தது.

சாயங்காலம் இளநீர் வாங்கிவர என்னைச் சாலையோரக் கடைக்கு அனுப்பினார்கள். கடையின் ஒரு கோடியில், தூணை ஒட்டிய மேசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். முன்னால் ஆறிப்போன தேநீர். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, வாயில் விரலை வைத்தார்.

"பாப்பா, நான் இங்க இல்ல. சரியா?"

நான் தலையாட்டினேன்.

"மத்தியானம் என்ன புகை?"

"சூடம்."

"சூடமா?" அப்பா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "யாருக்கும் ஒன்னும் ஆகலல்ல? அம்மா சாப்டாங்களா?"

சாப்பிட்டாங்க என்று சொல்லிவிட்டு இளநீரோடு நடந்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா வேவு பார்க்க வந்திருக்கிறார். அம்மா தப்பு செய்வதைக் கண்ணால் பார்த்துக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார். இல்லாவிட்டால் ஓவர்டைம் என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? அம்மாவிடம் சொன்னால் பதறிப்போவார், பதறினால் கார் உருளும், சாவி போய்விடும். அதனால் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். அப்பாவுக்காக அந்த ரகசியத்தைக் காப்பாற்றவில்லை, அம்மா ஜெயிக்க வேண்டும் என்பதற்காகக் காப்பாற்றினேன்.

இருட்டியதும் மழை பிடித்தது. கொக்கிகளை எல்லாம் போட்டுவிட்டு உள்ளே நெருக்கிப் படுத்துக்கொண்டோம். தையல் விட்ட இடமெல்லாம் ஒழுகியது. துப்பட்டா ஒட்டு மட்டும் ஒரு சொட்டு விடவில்லை. அது ஏன் என்று மூவரும் தையல் கணக்கை வைத்து வாதாடி, கடைசியில் முருகன்தான் காரணம் என்று சரசு அக்கா சொல்ல, பிலோ ஆன்டி சிரித்த சிரிப்பில் ஒரு கம்பி கழன்று எங்கள்மேல் விழுந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாமேல் இன்னும் கோபம் வந்தது.

காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது கார் அசையவில்லை. மழையில் ஊறிய மணலில் முன்டயர் இரண்டும் இறங்கியிருந்தன. அம்மா முடுக்க முடுக்க இன்னும் தோண்டிக்கொண்டு போனது. நாங்கள் தள்ளினோம், முகமெல்லாம் மணல் அடித்ததுதான் மிச்சம். பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் டிரைவர் கதவைத் திறந்து, "காக், நான் எடுத்துத் தருகிறேன்" என்று, அம்மாவை அக்கா முறை வைத்து, மலாயில் மரியாதையாகச் சொன்னார். அம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. தள்ளுவது நீங்கள் தள்ளுங்கள், ஓட்டுவது நான்தான் என்று அதே மரியாதையோடு பதில் சொன்னார்.

நான் சாலைப் பக்கம் பார்த்தேன். அதே கடை, அதே தூண், நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். விறுவிறுவென்று சாலை ஓரம் வரைக்கும் வந்தார். எனக்கு உயிர் வந்தது. லோரிகளையே சேற்றிலிருந்து எடுக்கிறவர், இது அவருக்கு ஒரு வேலையே இல்லை. போட்டியாவது ஒன்றாவது, அப்பா வந்தால் போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அவர் வலது கால், காரை அவரே ஓட்டுவதுபோல, செருப்போடு தரையை மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகை நான் வெறுத்தேன்.

அம்மா இறங்கி டயர்களைச் சுற்றி வந்தார். "அடியில கெட்டியா ஏதாச்சும் போட்டாத்தான் பிடிக்கும்," என்றார். காரின் கால்மிதி போதாது, பாய் கிழிந்துபோகும். எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. அழகாக மடித்து, கயிறு கட்டி, சரசு அக்காவின் இடுப்பில் இருந்தது கூடாரம். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். அம்மா அவரிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தார்.

"போடுங்கக்கா. துணிதானே, தைச்சுக்கலாம்," என்று சொல்லி, தானே குனிந்து டயருக்கு அடியில் அதைத் திணித்தார்.

அம்மா ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை முடுக்கவில்லை. கிளட்சைத் துளித்துளியாக விட்டார். டயர் துணியைக் கவ்வியது. பைப்பிங்கும் கொக்கியும் ஜரிகையும் சேர்ந்து கிழிகிற சத்தம் கேட்டது. கார் முனகிக்கொண்டு மேலே ஏறி, கெட்டி மண்ணைத் தொட்டதும் நேராகத் தார்ச்சாலைக்கே போய் நின்றது. தள்ளியவர்கள் கை தட்டினார்கள். பிலோ ஆன்டி சிலுவை போட்டுக்கொண்டார். நான் கடையைப் பார்த்தேன், தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை.

திரும்பும்போது எனக்கு ஒரே எண்ணம்தான். அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அம்மாவோ போகும்போது ஓட்டியதைவிட மெதுவாக ஓட்டினார். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. இடது ஓரத்திலேயே ஊர்ந்தார். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின. "நடந்தே போயிருக்கலாம் போலிருக்கு," என்றார் பிலோ ஆன்டி. வேகமா போம்மா, வேகமா போம்மா என்று நான் நச்சரித்தேன். ஒரு மேம்பாலத்துக்குக் கீழே மோட்டர்காரர்கள் மழைக்கு ஒதுங்கி வரிசையாக நின்றார்கள். அதைத் தாண்டியதும் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் காரை நிறுத்தி, டீ வேண்டும் என்றார். டீயை வைத்துக்கொண்டு மழை விடும்வரை சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மணல் வேலையில் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, சாமான்களை மேலே ஏற்றி முடிக்கும்போது அப்பா வந்தார். சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. போர்ட்டில் சரியான மழை என்றார். அம்மா துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கார் சாவியை மேசைமேல் அவர் முன்னால் வைத்தார். அப்பா தலையைத் துவட்டினார், சாவியைத் தொடவில்லை.

"முன்டயர்ல காத்துப் பாத்துக்க. திங்கக்கிழமை தூரம் போகணும்ல," என்றார்.

அம்மா இன்றும் அந்தப் பட்டறையைத்தான் நடத்துகிறார், அந்தப் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. சென்ற வருஷம் அங்கே ஒரு மத்தியானம், இத்தனை காலம் மனதுக்குள் வைத்திருந்ததை அம்மாவிடம் சொன்னேன். அப்பா மோரிப்புக்கு வேவு பார்க்க வந்ததை, கார் சிக்கியபோது பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்ததை, பழைய கோபம் கொஞ்சமும் குறையாமல் சொன்னேன். அம்மா கையிலிருந்த மடிப்புக்கு ஊசி குத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போறப்பவே, பந்திங் சிக்னல்லயே பாத்துட்டேன். நமக்குப் பின்னாடி நாலு காடி தள்ளி நின்னாரு."

"அப்புறம் ஏம்மா ஒன்னும் கேக்கல?"

"கேட்டா வந்து வண்டிய எடுத்துருப்பாரு. கேக்காததுனாலதான் உக்காந்துருந்தாரு. அது அவருக்கு எவ்ளோ கஷ்டம் தெரியுமா?" அம்மா நூலைக் கடித்து அறுத்தார். "மழைக்கோட்டு வேற எடுத்துட்டு வரல. நான் வேகமா போனா, அந்த மழையில அவரும் விரட்டிக்கிட்டு வருவாருல்ல."

அப்பாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் அம்மா ஜெயித்ததாகும் என்று பின் சீட்டில் உட்கார்ந்து தவித்துக்கொண்டே வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.